அங்குட்டு

மானகிரி அரிசி ஆலையில் மிஷின் ஓடி வருஷக்கணக்காகிவிட்டது. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் வட்ட வட்டமாய் இறங்கியிருந்தது. பழைய தவிட்டுத் தூசி அதற்குள் மிதந்தது. ஒத்திகைக்கு மைக்கைப் பிடித்து நின்ற ஆரோக்கிய ஷீலாவுக்குத் தானும் மிதப்பதுபோலத்தான் இருந்தது.

"டீச்சரம்மா, தூங்கிட்டியா?" டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து மெய்யநாதன் குச்சிகளைத் தட்டினான். "சாயங்காலம் கச்சேரிக்குக் காரைக்குடியே வந்து நிக்கும். அந்த ஒரு கத்தல் மட்டும் பிசகக் கூடாது."

அந்தக் கத்தல்தான் அவளுக்குப் பயம். இருபது வருஷம் கணக்குப் பாடம் நடத்திய தொண்டை, உச்சிக்கு ஏறினால் உடைகிறது. இறக்கிப் பாடலாம். ஆனால் இறக்கினால் அது அந்தப் பாட்டாக இருக்குமா? பாடுகிறவள் அந்த ஷீலாவாக இருப்பாளா?

அந்தக் கத்தலே ஒரு தப்பில் பிறந்ததுதான். கல்லூரி முடித்த வருஷம், திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு மாதா கோயில் திருவிழா. பாட்டின் நடுவில் ஸ்பீக்கர் ஊளையிட, அதை அந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லி மைக்செட்காரரைப் பார்த்து, "அங்குட்டூ!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். ஜனம் அதையும் பாட்டென்று நினைத்துத் திருப்பிக் கத்தியது. அன்றிலிருந்து குழுவுக்கே அதுதான் பெயர். இந்தப் பக்கத்தில் ஹார்டு ராக் என்று முதலில் கிளம்பியவர்கள் இவர்கள் மூன்று பேர்தான். கேசட் மதுரை போனது, சென்னை போனது. முடி வளர்த்த பையன்கள் அதைக் கேட்டுக் கேட்டுக் கிட்டார் வாங்கினார்கள். இப்போது கோலாலம்பூரில்கூட ஒரு குழு பாடுகிறதாம். போன மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவி போனில் கேட்டாள்: "அங்குட்டுன்னா மரணத்துக்கு அப்பாலா மேடம்?" ஷீலா மறுக்கவில்லை. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஆசையாக இருந்தது.

இந்த ஒரு கச்சேரிக்காகச் சார்ஜாவிலிருந்து லீவு போட்டு வந்திருந்த அஸ்பாக் கிட்டாரை மாட்டிக்கொண்டான். பாட்டு தொடங்கியது. உச்சியில் அவள் குரல் நைந்த துணியாய்க் கிழிந்தது. மெய்யநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

அஸ்பாக் மட்டும் முகமெல்லாம் சிரித்தான். "மாஷா அல்லாஹ்! அப்பிடியே இருக்கு புள்ள. ஒரு பிசிறு இல்ல."

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அப்போது அவன் முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், அவன் போன் கிணிகிணியென்று மணியடித்தது. அவன் திரும்பவேயில்லை. அடித்து ஓய்ந்தது.

"எப்பருந்து அஸ்பாக்?"

அவன் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"ஸ்பீக்கர் பக்கத்துலயே நின்னோம்ல. கீச்சுன்னு மேல ஏறுற சத்தமெல்லாம் போயிருச்சு. நீ கத்துறப்ப வாயப் பாப்பேன். மிச்சம் உள்ளுக்குள்ள தானா ஓடும்."

"காதுக்கு மிஷின் மாட்டலாம்லடா?" என்றான் மெய்யநாதன்.

"மாட்டுனா ஒன் டிரம்ஸயும்ல கேக்கணும் மெய்யா."

மூவரும் சிரித்தார்கள். ஷீலாவுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. அவனுக்குள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிற அந்தப் பழைய ஷீலாவின்மேல் அவளுக்குப் பொறாமை வந்தது. கடல் தாண்டி வந்தவன், இங்கே நிற்கிற தன்னைக் கேட்காமலே திரும்பிப் போய்விடுவான்.

சாயங்காலம் மைதானம் நிறைந்திருந்தது. "அக்கா, ஆரம்பிக்கிறீகளா?" என்றார் மைக்செட்காரர். விளக்குகள் தண்ணீருக்குள் எரிவதுபோல் தெரிந்தன. பாட்டு ஏறிக்கொண்டே போய் அந்த இடத்துக்கு வந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

ஷீலா ஏறவில்லை. இறங்கினாள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் குரலுக்கும் கீழே, நெஞ்செலும்பு அதிரும் இடத்திலிருந்து அந்தச் சொல்லை மெல்ல வெளியே விட்டாள். மேடைப் பலகை அதிர்ந்தது. யாரும் திருப்பிக் கத்தவில்லை. முன்வரிசையில் ஒருவர், "என்னாச்சு இந்தம்மாவுக்கு?" என்றார்.

அஸ்பாக்கின் விரல்கள் தப்பான கம்பியில் விழுந்தன. அவன் பார்வை அவள் வாயை விட்டு விலகியது. கண்ணை மூடி, தலையை அவள் பக்கம் சாய்த்தான்.

"நிறுத்தாத ஷீலா," என்றான். "கேக்குது."

கூட்டம் என்ன செய்கிறதென்று அவள் பார்க்கவில்லை. இன்னும் கீழே இறங்கினாள்.