இடுப்பளவில் ஒரு காலண்டர்

காலண்டரை யாராவது இடுப்பளவில் மாட்டுவார்களா? அறைக்குள் காலை வைத்ததும் இளவரசியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. புதிதாக அடித்த சுண்ணாம்பின் வாசனை, கம்பி போட்ட ஜன்னல், சந்து வழியாகத் தனி வாசல், வாசற்கதவுக்கு நல்ல கனமான இரும்புத் தாழ்ப்பாள். சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயில் மதிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், பல்கலைக்கழக பஸ் நிற்கிற முனைக்குப் பக்கத்தில் இப்படி ஓர் அறை கிடைப்பது லேசான காரியமல்ல. ஆனால் கதவை ஒட்டிய பக்கத்துச் சுவரில், ஏதோ பட்டுக்கடை கொடுத்த அந்தப் பெரிய மகாலட்சுமி காலண்டர் தாழத் தொங்கிக்கொண்டிருந்தது. மகாலட்சுமியின் பாதம் தரையைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. தேதி பார்க்க வேண்டுமென்றால் சம்மணம் போட்டு உட்கார வேண்டும்.

எதையும் நோண்டிப் பார்க்காமல் விடுகிற குணம் இளவரசிக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. வீட்டு மிக்சியைக் கழற்றி, திரும்ப மாட்டத் தெரியாமல் உதை வாங்கியவள். அந்தக் குணம்தான் அவளை எம்.எஸ்சி. இயற்பியல் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்திருந்தது. ஊர் வந்தவாசிக்கு அந்தப் பக்கம். பஸ் மாறி மாறிப் போய் வந்தால் வீடு சேரும்போது ஊரே அடங்கியிருக்கும். அதனால் அப்பா தர்மன் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னிக்கு ஒரு நாளு உன்கூட வர்றேன். எனக்கு மனசு ஒப்புற மாதிரி ரூம் கெடச்சா படி. இல்லனா படிச்ச வரைக்கும் போதும்மா." கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போடலாம். அவர் பயந்துபோய்ச் சொன்னார். பயப்படுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

காலையிலிருந்து பார்த்த இடங்களில் எதற்கும் அவர் மனம் ஒப்பவில்லை. ஒரு வீட்டில் கதவுக்கு உள்தாழ்ப்பாளே இல்லை. கேட்டதற்கு, "யாரும் வரமாட்டாங்க சார், நம்ம வீடு மாதிரி" என்றார்கள். இன்னொன்றில் மாடிப்படி ஆண்கள் மெஸ் வழியாக ஏறியது. இந்த வீட்டு வாசலில்தான் முதல்முறையாக அப்பாவின் முகம் தெளிந்தது. இப்போது அவர் சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுக்காரர் குமாரசாமி நெய்துகொண்டிருந்த தறிக்குப் பக்கத்தில் நின்று ஜரிகையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் குரல் நன்றாகக் கேட்டது. கொஞ்சம் அதிகமாகவே நன்றாகக் கேட்டது. காதுக்குப் பக்கத்தில் நின்று பேசுவதைப் போல.

சீனியர் சந்தியா வாய்ஸ் மெசேஜில் பாடமே எடுத்திருந்தாள். விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச் அடித்துப் பார், தாழ்ப்பாளை நாலு தடவை போட்டு இழு, முன்னால் யார் குடியிருந்தார்கள், ஏன் காலி செய்தார்கள் என்று கேள், வெட்கப்படாதே. இளவரசி ஒவ்வொன்றாகச் செய்ய, வீட்டுக்கார அம்மா கமலாட்சி முந்தானையைச் செருகிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"முன்ன யாரு ஆண்ட்டி இருந்தாங்க?"

"யாரும் இல்லமா. நீதான் மொத ஆளு. போன தையிலதான் செவுரே வெச்சோம். அதுக்கு முன்ன இது ஒரே ஹாலு."

"காலண்டர் ஏன் கீழ மாட்டியிருக்கீங்க?"

"அது… அங்கியே இருக்கட்டும்மா. லட்சுமி படம். நல்லதுதான்."

அந்த 'அது'வுக்கும் 'அங்கியே'வுக்கும் நடுவில் கமலாட்சி ஒரு நொடி தடுமாறினாள். இளவரசிக்கு அது போதும். திரும்பி எதிர்ச்சுவரைப் பார்த்தாள். அங்கே ஜன்னலுக்குக் கீழே, காலண்டருக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், கட்டை விரல் தடிமனில் ஒரு மரமுளை நீட்டிக்கொண்டிருந்தது. துணி மாட்டவா? இடுப்பளவில் யார் துணி மாட்டுவார்கள்? கிட்டே போய்த் தடவினாள். முளையின் கழுத்தில் வழுவழுவென்று ஒரு பள்ளம். கயிறு உராய்ந்து உராய்ந்து விழுந்த பள்ளம். கிணற்றடியில் வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? அப்படியானால் கயிற்றின் மறுமுனை எங்கே இருக்கும்? கேள்வி மனதில் எழுந்தபோதே கை காலண்டரைத் தூக்கிவிட்டது.

ஒரு செங்கல் அளவுக்குச் சுவரில் ஓட்டை இருந்தது. உடைத்த ஓட்டை அல்ல. அளவெடுத்து, ஓரம் பூசி, ஒழுங்காக விட்ட ஓட்டை. அதற்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம். வெளிச்சத்தில் அரக்கு நிறப் பட்டு இழைகள். அவற்றுக்குப் பக்கத்தில், வெள்ளை வேட்டியும் பழைய டைட்டன் வாட்சு கட்டிய கையும். அப்பாவின் கை.

காலண்டரைப் படக்கென்று விட்டாள். நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது. பயமா, கண்டுபிடித்துவிட்ட துள்ளலா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இரண்டும்தான்.

கமலாட்சி கிட்டே வந்து குரலை இறக்கினாள். "தப்பா எடுத்துக்காதமா. புதுசா தறில பாவு நூலு ஏத்துனா அத வெறப்பா புடிக்க கயிறு நீளமா இழுத்து அந்த முளைல கட்டணும். நெய்ய நெய்ய தறிப் பக்கம் உள்ள வந்துரும். வாடகைக்கு வுடலாம்னு செவுரு வெச்சப்ப, பாவுக்கு எடம் வோணுமேன்னு ஒரு கல்லு மட்டும் வெக்காம வுட்டுட்டாரு."

"அப்போ கயிறு என் ரூமுக்குள்ள வருமா?"

"கொஞ்ச நாளுக்குத்தான். நீ வேணா துணி காயப் போட்டுக்கோ."

இளவரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவுக்கு வழி விட வேண்டும் என்று யோசித்த மனிதருக்கு, அதே வழியில் ஒரு கண்ணும் வரும் என்று தோன்றவே இல்லை. தறியை நடுவில் வைத்துக் கட்டிய வீட்டில் பெண்ணைப் பிறகுதான் குடிவைக்கிறார்கள். ஆனால் சிரித்து முடித்த பிறகும் ஓட்டை அங்கேதான் இருந்தது.

"அவரு எட்டிக்கூட பாக்க மாட்டாருமா. தறில குந்துனா தலையே நிமிராது."

"அவரு பாக்கமாட்டாரு ஆண்ட்டி. நான்தான் ராத்திரியெல்லாம் அதையே பாத்துக்கினு இருப்பேன்."

கமலாட்சி இளவரசியின் கையைப் பிடித்தாள். "ஒரு மரமூடி செஞ்சு போட்டுர்லாம். தாழ்ப்பா உன் பக்கம் வெச்சுக்கோ. பாவு ஏத்துற அன்னிக்கு நான் வந்து கதவத் தட்டுறேன், நீ தொற. ஆனா உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதமா. கேட்டா உடனே உன்னக் கூட்டிக்கினு போயிடுவாரு."

உண்மைதான். போய்விடுவார். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசமாட்டார். நாளைக்கு அம்மா மெதுவாக, டெய்லரிங் கற்றுக்கொள் என்பாள். சும்மா இருந்தால் அறை அவளுடையது, படிப்பு அவளுடையது. வாய் வரைக்கும் வந்தது, சரி என்று. ஆனால் சின்ன வயதிலிருந்து எதைக் கழற்றினாலும் அதை அப்பாவிடம் போய்க் காட்டியவள் அவள், உதை விழும் என்று தெரிந்தும். குடிவருவதற்கு முன்பே வீட்டுக்கார அம்மாவோடு சேர்ந்து அப்பாவிடம் ஒன்றை மறைத்தால், நாளைக்கு நிஜமாகவே ஏதாவது நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வாள்?

காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மூலையில் கிடந்த கட்டிலில் வைத்தாள். மண்டியிட்டு, ஓட்டைக்கு நேராக வாயை வைத்து, "அப்பா" என்றாள்.

தறிச் சத்தம் நின்றது. வாட்சு கட்டிய கை திடுக்கிட்டு விலகியது. பிறகு வேட்டி மடங்கி, சட்டைப் பை வந்து, நரைத்த மீசை வந்து, கடைசியில் அப்பாவின் கண்கள் வந்தன.

"இன்னாமா இது?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பாவு, கயிறு, முளை, மரமூடி, தாழ்ப்பாள். அந்தப் பக்கம் குமாரசாமி, "அய்யோ, எனக்கு இது தோணவே இல்லியேப்பா, தோணவே இல்லியே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்கிற குரலாகத் தெரியவில்லை. கோபம் வந்தால் அப்பாவுக்கு மூக்கு விடைக்கும். இவளுக்கோ கண்கள்தான் தெரிந்தன. கண்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"மூடியெல்லாம் கெடக்கட்டும்," என்றார் கடைசியில். "கதவு எங்க இருக்குது?"

"இங்கதான்பா. பக்கத்துல."

"தாழ்ப்பாளப் போடு. போட்டுட்டுத் தள்ளி நில்லு."

இளவரசி எழுந்து தாழ்ப்பாளைப் போட்டாள். இரும்பு நங்கென்று உட்கார்ந்தது. கமலாட்சி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். ஓட்டைக்குள் இருந்த வெளிச்சம் மறைந்தது. முதலில் விரல்கள் வந்தன, பிறகு வாட்சு, பிறகு சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்ட முழங்கை. வயல் வேலை செய்து காய்த்த அந்தக் கை சுவரிலிருந்து நீண்டு, கதவு இருக்கிற திசையைப் பார்த்து வளைந்தது. புதுச் சுண்ணாம்பில் விரல்கள் தடவித் தடவி முன்னே வந்தன. கதவு நிலையைத் தொட்டன. சுவருக்கு அந்தப் பக்கம் தோளை முட்டுக்கொடுத்து அப்பா மூச்சுப் பிடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு துளி விட்டுக்கொடுக்காமல், திருடனைப் போல முழு மூச்சாக, அவர் அந்தத் தாழ்ப்பாளைத் தேடினார். எட்டக் கூடாது, எட்டக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல், அந்த விரல் நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் இருந்த இடத்தையே இளவரசி பார்த்துக்கொண்டு நின்றாள்.