நகி கத்த வேண்டிய இடம்

என் குரல் இன்னொருத்தியின் வாயிலிருந்து வருவதை ஒரு கழிப்பறை வாசலில்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

"ஏய், தண்ணி எங்கடி கிடைக்கும் இங்க?"

நகியின் குரல். 'உப்புக் கொடி' என்ற ஜப்பானிய கார்ட்டூன் தொடரில் அண்ணனைத் தேடிக் கடல் முழுக்க அலையும் வாலுப் பையன் நகி. பத்து வருஷத்துக்கு மேலாக அவனுக்குக் குரல் கொடுப்பவள் நான்தான், கரியா மிசாவோ. திரும்பிப் பார்த்தால், காலி பாட்டிலோடு ஒரு நரைத்த தலை அமெரிக்கப் பெண்மணி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் லொரெட்டா. ஆங்கிலத்தில் நகி அவள்தான். என் குரலைக் காதில் கேட்டுக் கேட்டே எங்கள் மொழி பழகியவள். வகுப்புக்கும் போனாளாம், ஆனால் வாயைத் திறந்தால் வருவது நகியின் பேச்சுதான். அறுபதை நெருங்கும் ஒரு பெண், பார்ப்பவர்களை எல்லாம் வாடா போடி என்று அழைத்துக்கொண்டிருந்தாள். அரங்க மேலாளர் வெளிறிப்போய் அவளுக்கு எட்டடி தள்ளியே நடந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. டோக்கியோவில் பெரிய அரங்கம். 'ஒரே காட்சி, இரண்டு குரல்' என்று நிகழ்ச்சி. திரையில் படம் ஓட, முதலில் நாங்கள், பிறகு லொரெட்டா. எது உசத்தி என்று இணையத்தில் வருஷக்கணக்காக அடித்துக்கொள்ளும் ரசிகர்களுக்கு நேரிலேயே ஒப்பிட்டுக் காட்டும் ஏற்பாடு. காட்சி எதுவென்று கேட்டீர்களானால், கப்பல் உடைந்து அண்ணன் கடலில் விழ, நகி கத்துகிறானே, அது. வசனம் கிடையாது. வெறும் கத்தல், மூச்சு தீரும் வரை.

அந்தக் கத்தலை நினைத்து நான் பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

என் குரல் நாணில் ஒரு கட்டி. வசந்தம் பிறந்த போதே டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொரு முறை பலமாகக் கத்தினால் ரத்தம் கட்டிவிடும், அப்புறம் எந்தக் குரல் மிஞ்சும் என்று தன்னால் சொல்ல முடியாது, உடனே ஆப்பரேஷன், பிறகு மாதக்கணக்கில் வாய் திறக்கக் கூடாது என்றார். ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டு வந்தவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மகரந்தம் பறக்கும் காலம், ஊரில் பாதிப் பேர் முகக்கவசத்தோடு தும்மிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்றை மாட்டிக்கொண்டேன், யாரும் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு பாத்திரத்தின் குரல் மாறினால் அது செய்தி. புதியவள் வந்தபின் பழையவளைப் பற்றி எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள், செத்தவளைப் பற்றிப் பேசுவதுபோல. எனக்கு அந்த மரியாதை வேண்டாம்.

ஒப்பனை அறையில் ஒலி இயக்குநர் உசுய், அண்ணனுக்குக் குரல் கொடுக்கும் தொகிதா, லொரெட்டா, நான். உசுய்க்கு எழுபது இருக்கும். பாராட்டு என்பது அவர் வாயில் வருவது அபூர்வம். தொகிதாவுக்கு வாய் ஓயாது, ஆனால் யாரையும் மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்தே கூப்பிடுவான்.

"லொரெட்டா சான், நீங்க தனியாவே நின்னு பேசுவீங்களாமே, நெசமா?"

"ஆமாடா. அலமாரி மாதிரி ஒரு ரூம். நான், ஒரு மைக், காதுல இவ. வேற யாரும் கிடையாது." என்னைக் கட்டைவிரலால் காட்டினாள்.

"அண்ணன் கடல்ல விழும்போது எதிர்ல அண்ணன் இல்லைன்னா எப்படி அழுகை வரும்?"

"உன் மூஞ்சியப் பாத்தா மட்டும் வந்துடுமா?"

உசுய் கூடச் சிரித்துவிட்டார். எங்கள் முறை வேறு. எல்லாரும் ஒரே அறையில், நாலே மைக். தாள் சரசரக்காமல் புரட்டி, ஒருவர் விலக இன்னொருவர் நுழைந்து, கதை எந்த வரிசையில் போகிறதோ அதே வரிசையில் பேசி முடிப்போம். முதலில் டெஸ்ட் என்று ஒரு ஒத்திகை, அப்புறம்தான் டேக் என்கிற நிஜப் பதிவு.

"கத்தறது எல்லாம் எங்களுக்குக் கடைசியில தான்," என்றாள் லொரெட்டா. "மத்த வசனம் பூரா முடிச்சிட்டு, கத்திட்டு, நேரா வீட்டுக்குப் போயிடுவேன். அன்னிக்கு வாயே திறக்க மாட்டேன். நீங்க?"

"கதையில எப்ப வருதோ அப்ப," என்றான் தொகிதா. "கரியா சான் டெஸ்ட்லயே முழுசாக் கத்துவாங்க. டேக்ல திரும்பவும். உசுய் சான் இன்னொண்ணு கேட்டா அதுவும்."

"டெஸ்ட்லயா? பைத்தியமாடி நீ?"

நான் புன்னகைத்தேன் என்று நினைக்கிறேன். டெஸ்டில் அளந்து கத்தினால் எதிரே நிற்பவன் எதை நம்பி அழுவான் என்பது எங்கள் வீம்பு. தொகிதா மாதிரிப் பிழைக்கத் தெரிந்தவர்கள் பாதி கொடுத்துப் பாதியைப் பத்திரப்படுத்துவார்கள். நான் ஒருநாளும் மிச்சம் வைத்ததில்லை, அதில் எனக்குத் தலைக்கனம் வேறு. அந்தத் தலைக்கனம்தான் இப்போது தொண்டையில் கட்டியாக உட்கார்ந்திருந்தது.

லொரெட்டா சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூஞ்சியை அல்ல, கழுத்தை. இவளுக்கு ஏதோ தெரியும் என்று தோன்றியதுமே எழுந்து வெளியே போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

மேடைக்குப் பின்னால், சுருட்டி வைத்த திரைகளுக்கு நடுவே, என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்த சீசன்ல நீ வசனம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சத்தம் வருது. துணி கிழியற மாதிரி. போன சீசன்ல அது இல்ல."

"நகி வளர்றான் இல்லையா. அதான் அப்படிப் பண்ணேன்."

"நானும் அப்படித்தான்டி நினைச்சேன். அடடா, என்னமா நடிக்கறான்னு அதையும் அப்படியே செஞ்சேன். எங்க ஊர்ல எல்லாரும் பாராட்டினாங்க, நகி பெரியவனாயிட்டான்னு. ஆனா செய்யச் செய்ய எனக்கே தொண்டை வலிச்சுது. நல்ல தொண்டையை வலிக்க வச்சாத்தான் அந்த சத்தம் வருது. அது நடிப்பு இல்ல. நீ டாக்டர்கிட்ட போனியா?"

"மகரந்தம். அலர்ஜி."

"பொய் சொல்லாதே. தனியா ரூம்ல உன் மூச்சை ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிக் கேக்கறவ நான்."

கூட நின்று பேசிய ஒருவர் காதிலும் விழாதது, ஒரு கடல் தாண்டி அலமாரிக்குள் நின்றவளின் காதில் விழுந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம்தான். இவள் உசுயிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சொல்லிடாதீங்க," என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"சொல்ல மாட்டேன். நீ கத்தாதே."

அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒத்திகைக்காகக் காலி அரங்கின் விளக்குகளை அணைத்து, திரையை ஓடவிட்டார்கள். உசுய் கடைசி வரிசைக்குப் பின்னால் கண்ணாடி அறையில். மேடையில் எதிரெதிராக அல்ல, பக்கத்துப் பக்கத்து மைக்கில் நானும் லொரெட்டாவும். ஒலிபெருக்கியில் உசுயின் குரல் வந்தது. "டெஸ்ட். கரியா, வழக்கம்போல."

வழக்கம்போல என்றால் முழுசாக. குறைத்தால் அவருக்கு உடனே தெரியும். திரையில் பாய்மரம் முறிந்தது. தொகிதா அவன் வசனத்தைச் சொல்லிவிட்டு விலகினான். அண்ணனின் கை நழுவுகிறது, நகி வாயைத் திறக்கிறான். நானும் திறந்தேன். போனால் போகட்டும் என்று முடிவு செய்துதான் மூச்சை இழுத்தேன், சத்தியமாக. ஆனால் பயம் முந்திக்கொண்டது. தொண்டை பூட்டிக்கொண்டது, காற்றுகூட வரவில்லை.

ஆனாலும் நகி கத்தினான்.

லொரெட்டா இருட்டில் என் மைக்கின் பக்கம் குனிந்திருந்தாள். என் கத்தல், என் ஏற்றம், என் இழுப்பு, கடைசியில் என் அந்தக் கிழிசல்கூட. கத்தலுக்கு ஏது மொழி? ஜப்பானியம், ஆங்கிலம் என்று ரசிகர்கள் பிடித்துத் தொங்குகிற எதுவும் அதில் இல்லை. நான் பக்கத்தில் வாயைத் திறந்தபடி நின்றேன், மீன் மாதிரி.

காட்சி முடிந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"கரியா, பிரமாதம். இந்த வருஷத்துல உன்கிட்ட இதுதான் பெஸ்ட். அந்தக் கடைசிக் கிழிசல் இருக்கே, சாயங்காலமும் அது வேணும்."

கீழே இருக்கைகளில் இருந்த உதவியாளர்கள் கைதட்டினார்கள். தொகிதா கட்டைவிரலை உயர்த்தினான். லொரெட்டா என் காதில், "பாத்தியா, எவனுக்கும் தெரியல. சாயங்காலமும் நானே கத்தறேன். நீ வாயை மட்டும் திற," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

இத்தனை நாள் நான் பயந்தது ஒன்றுமில்லை, இதுதான் பயம் என்று அப்போது தெரிந்தது. குரல் போய்விடும் என்று பயந்திருந்தேன். போனாலும் யாருக்கும் தெரியாது என்பதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. சாயங்காலம் ஒருமுறை ஏமாற்றினால் அடுத்த மாதமும் ஏமாற்றலாம். அப்புறம் நான் எதற்கு? அதைவிட, உசுய் பிரமாதம் என்றது என் கட்டியை. எல்லாருக்கும் பிடித்துப்போனது என் நோய்.

மேடையிலிருந்து இறங்கி, இருட்டில் இருக்கைகளில் முட்டிக்கொண்டு, கண்ணாடி அறைக்கு ஏறினேன். உசுய் ஹெட்போனைக் கழற்றினார்.

"அது நான் இல்லை," என்றேன். குரல் தேய்ந்து வந்தது. "லொரெட்டா கத்தினது. என்னால முடியல. தொண்டையில கட்டி. வசந்தம் பிறந்தப்பவே தெரியும்."

அவர் பதிவான கத்தலைத் திரும்பப் போட்டார். கண்ணை மூடிக் கேட்டார். மறுபடி போட்டார்.

"அந்தக் கிழிசலுக்காகவே உன்னோட டேக் எல்லாத்தையும் தேடித் தேடி எடுத்து வச்சேன் இந்த சீசன்ல," என்றார். "நடிப்புன்னு நினைச்சேன். நாப்பது வருஷமா காதை வச்சுத்தான் சோறு திங்கறேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆப்பரேஷன் எப்ப?"

"இன்னும் நாள் குறிக்கல. பயமா இருக்கு, உசுய் சான். நகி போயிடுவானான்னு."

"போக மாட்டான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. அது என் கையில இல்ல. நாளைக்கே நாள் குறி. இந்த நிமிஷத்துலேர்ந்து வாயைத் திறக்காதே."

பொய்யாகவாவது ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம் மனுஷன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

சாயங்காலம் அரங்கம் நிரம்பி வழிந்தது. கரியா மிசாவோ மருத்துவரின் ஆலோசனைப்படி இன்று பேசமாட்டார், நகியாக லொரெட்டா மட்டும் ஆங்கிலத்தில் பேசுவார் என்று அறிவித்தார்கள். ஓ என்று ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. நான் மேடை ஓரத்தில், திரை மறைவில், தொண்டையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். இப்போது எல்லாருக்கும் தெரியும். நாளைக்குப் புதுக் குரலைத் தேட ஆரம்பிப்பார்கள். இன்னும் சற்று நேரத்தில், எனக்கென்று ஒதுக்கியிருந்த அந்தக் கத்தலை லொரெட்டா கத்துவாள், கூட்டம் கைதட்டும், நானில்லாமலே எல்லாம் நடக்கும். அதைக் கேட்காமல் போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தேன், கால் நகரவில்லை.

திரையில் கப்பல் ஆடியது. லொரெட்டா ஆங்கிலத்தில் பேசினாள். நன்றாகவே பேசினாள், பாவி. அவளுடைய நகி என்னுடையவனைவிடக் கொஞ்சம் முரடன், அழுகையை இன்னும் ஆழத்தில் ஒளித்துவைப்பவன். பாய்மரம் முறிந்தது. தொகிதா சொல்லிவிட்டு விலகினான். அண்ணனின் கை நழுவியது. நகி வாயைத் திறந்தான்.

லொரெட்டா மைக்கிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்து, வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

திரையில் பையன் கத்துகிறான், அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. அலைச் சத்தம் மட்டும் லேசாக ஓடியது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவர்கூட இருமவில்லை. மூச்சு தீரும் வரை என்று நான் சொன்னேனே, அத்தனை நேரமும் அந்த இடம் காலியாகவே கிடந்தது. முன்வரிசையில் ஒரு பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் காலி இடம் யாருடையது என்று அங்கே தெரியாதவர் எவரும் இல்லை. எனக்கும் தெரிந்தது.

காட்சி முடிந்து விளக்கு வந்தபின்தான் கைதட்டல் எழுந்தது. லொரெட்டா நேராக என்னிடம் வந்தாள். அவளுக்கும் வேர்த்திருந்தது.

"அது உன் இடம்டி," என்றாள், என் பையனின் குரலில். "நான் தொட மாட்டேன். சீக்கிரம் வந்து கத்து."

வருவேன் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. பயம் அப்படியேதான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.