காயாத கால்தடம்

திருவாரூருக்குக் கிழக்கே எங்கள் கடைமடை ஊரில், செவ்வந்தியின் கால்தடங்கள் மட்டும் கோடையிலும் காயாமலே இருந்தன. வாய்க்காலில் ஞானஸ்நானம் எடுத்துவிட்டு ஈரக்காலோடு அவள் வரப்பில் நடந்து வந்த அன்று தொடங்கியது இது. ஒவ்வொரு தடத்திலும் இரண்டு விரற்கடைத் தண்ணீர், தெளிவாக. மேட்டூர் அணை மூடி, வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்து, நண்டுகள் வளைக்குள் போன பிறகும் அது அப்படியே நின்றது. வேளாண்மை ஆபீஸிலிருந்து வந்தவர் ஒரு பாட்டிலில் பிடித்துப் போனார்; நல்ல தண்ணீர்தான், உப்பு இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குமேல் ஊரில் யாரும் மெனக்கெடவில்லை, பூவம்மாளைத் தவிர.

பூவம்மாள் செவ்வந்தியின் ஓரகத்தி. அண்ணனைக் கட்டியவள் இவள், தம்பியைக் கட்டியவள் அவள். பூவம்மாளுக்கு என்ன குறை என்று கேட்டால் ஊரே சிரிக்கும். மாடி வீடு, சிங்கப்பூரில் மகன், வாய்க்காலை ஒட்டி இரண்டு ஏக்கர், மறுபேச்சு பேசாத புருஷன். செவ்வந்திக்கோ புருஷன் பைக்கில் போய் லாரியில் அடிபட்டுச் செத்து இரண்டு வருஷம், தகரக் கொட்டகை, நூறு நாள் வேலை. நியாயமாகப் பார்த்தால் அழவேண்டியவள் அவள். அவளோ நடவு வயலில் குனிந்தபடியே பாடுகிறாள், அதுவும் நடிப்பாக இல்லை. பூவம்மாளுக்கு வயிறு எரிந்தது. ஒரே வீட்டில் வாழ வந்து ஒரே உலையில் பொங்கித் தின்றவள், தனக்குக் கிடைக்காத ஒன்றை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. பட்டுச்சேலை என்றால் அதைவிட நல்லதாக ஒன்று எடுத்துவிடலாம். இதை எந்தக் கடையில் போய் எடுப்பது?

முதலில் தடங்களில் மண்ணள்ளிப் போட்டாள். மறுநாள் மண் அடியில் படிந்து தண்ணீர் மேலே நின்றது. டம்ளரில் மொண்டு குடித்துப் பார்த்தாள். தாகம் தீர்ந்தது, பொறாமை தீரவில்லை. பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தாள். நடவுக்காரி எவளுக்கும் தோன்றக்கூடியதுதான். செவ்வந்தி சபைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்றை வேர் அறாமல் எடுப்பதுபோல ஏழு தடங்களை அடிமண்ணோடு மண்வெட்டியால் பெயர்த்து, கூடையில் சுமந்து வந்து, தன் வீட்டு வாசலில் சாண் இடைவெளி விட்டு நட்டாள். சாயங்காலத்துக்குள் ஏழும் காய்ந்து ஓடாகிவிட்டன. வரப்பில் அவள் தோண்டிய குழிகளிலோ தண்ணீர் முன்னைவிட அதிகமாக நின்றது.

கையிலிருந்த மண்வெட்டியைக்கூட வைக்காமல் செவ்வந்தியின் கொட்டகை முன்னால் போய் நின்றாள்.

"எங்கடி வாங்குன இத?"

"வாங்கலக்கா. தாங்க முடியாம அழுது கேட்டேன், ஏசப்பா குடுத்தாரு."

"உனக்கு மட்டும்தான் குடுப்பாரா? நான் என்ன பாவம் பண்ணேன்?"

"நீங்க அவருகிட்ட கேக்கவே இல்லியேக்கா. என் கால்தடத்தையில்ல தோண்டிக்கிட்டு இருக்கீங்க." சிரித்துக்கொண்டே சொன்ன செவ்வந்தி, அவள் கையிலிருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு பூவம்மாள் சபைக்குப் போனது பக்தியால் அல்ல, இளையவளுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்காமல் போகக்கூடாது என்ற வீம்பால். கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். எல்லோரும் பாடியபோது வாயே திறக்கவில்லை. ஜெபத்தின்போது, "அவளுக்குக் குடுத்தீங்களே, எனக்கும் குடுங்க ஆண்டவரே, எனக்கு வயிறெரியுது" என்று ஆரம்பித்தவள், வீட்டில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, அதில் எதனாலும் ஒருநாளும் மனசு நிறையவில்லை என்று சொல்லி, மகன் போன் பண்ணாத மாதங்களையும் சொல்லி, விக்கி விக்கி அழுதாள். மூன்று ஞாயிறு அழுதாள். நனைந்த பாயை பாஸ்டர் மாற்றிப் போட்டார். மார்கழியில் அதே வாய்க்காலில் முழுகி எழுந்தாள்.

இந்தச் சித்திரையில் வரப்பில் இரண்டு வரிசைத் தடங்களில் தண்ணீர் நிற்கிறது. பழக்கம் விடுமா? யாருடையது ஆழம் என்று பார்க்கப் பூவம்மாள் ஒரு குச்சியோடு போனாள். செவ்வந்தியின் தடத்தில் விட்டு அளந்தாயிற்று. தன்னுடையதில் விடப்போகும்போது, வாத்து மேய்க்கும் ஹாஜா மைதீன் தன் கூட்டத்தை வரப்பில் ஏற்றிவிட்டார். இருநூறு வாத்துகள் இரண்டு வரிசையிலும் மாறி மாறிக் குடித்தன. பார்த்துக்கொண்டே நின்றவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட்டத்தை ஓட்டிப் போகட்டும் என்று குச்சியை ஹாஜா மைதீனிடமே கொடுத்தாள். அவர் இப்போதெல்லாம் மேட்டூர் எப்போது திறக்கும் என்று யாரையும் கேட்பதில்லை.