முழு ரிங்

செல்போன் கம்பெனியை மூடி, டவரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்ட பிறகும் முள்ளிப்பட்டு பச்சையப்பன் வீட்டில் மட்டும் அதன் சிக்னல் குறையவில்லை. தறிக்குழியில் உட்கார்ந்தாலும் நான்கு கோடு, அடுப்படியில் நின்றாலும் நான்கு கோடு. வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்தால் ஒன்றுமில்லை. மழை சில சமயம் ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவை விட்டுவிடுவதில்லையா, அந்த மாதிரிதான் என்றார்கள் ஊரில். ஜரிகை விலை தாறுமாறாக ஏறிய வருஷம் அது. ஜனங்களுக்கு அந்தப் பேச்சே பெரிதாக இருந்ததால் இதை யாரும் வளர்க்கவில்லை.

மற்றவர்கள் எல்லாரும் எப்போதோ வேறு கம்பெனிக்கு மாறிவிட்டிருந்தார்கள். ஆரணி பஜாரில் குடை விரித்து இலவசமாக சிம் கொடுத்தபோது முள்ளிப்பட்டே வரிசையில் நின்றது. இலவசம் முடிந்து விலை ஏறியதும் பாதிப் பேர் வேறொன்றுக்குப் போனார்கள். அதில் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொன்றுக்கு. பச்சையப்பனின் மனைவி கன்னியம்மாளும் மாறினாள். அவர் மட்டும் அசையவில்லை. முன்பு அந்தக் கம்பெனிக்கு ஏஜென்டாக இருந்த சந்திரமோகன் நேரில் வந்து கோடுகளைப் பார்த்துவிட்டு, "கம்பெனியே இல்லியேண்ணே. இத்த வச்சிகினு யார்கிட்ட பேசுவ?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தக் கைபேசியிலிருந்து ஒரே ஒரு எண்ணுக்குத்தான் மணி போனது. அது மகள் சுபலட்சுமியின் எண்.

அவள் வேலூருக்குப் படிக்கப் போனபோது அப்பாவுக்கும் மகளுக்குமாகச் சேர்த்து வாங்கிய சிம்கள் அவை. தங்களுக்குள் எவ்வளவு நேரம் பேசினாலும் காசு கிடையாது. படிப்பு முடிந்ததும் அவள் பெரணமல்லூர் பக்கத்துத் தமிழ்செல்வனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். கூலி வேலைக்குப் போகும் காலனி வீட்டுப் பையன். மாலையோடு வந்து நின்ற இருவருக்கும் பச்சையப்பன் கதவைத் திறக்கவில்லை. உள்ளே தறி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் அப்படியே திருப்பூருக்குப் போய்விட்டார்கள்.

சில தீபாவளிகள் கழிந்து அவர் கோபம் கரைந்தது. எப்போது கரைந்தது என்று அவருக்கே தெரியாது. அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த கை, தானாகப் போய் அவள் எண்ணை அழுத்தியது. மணி போனது, யாரும் எடுக்கவில்லை. அன்று முதல் தினமும் சாயங்காலம் தறியைவிட்டு எழுந்ததும் அடித்தார். கன்னியம்மாளின் கைபேசியிலிருந்து அதே எண்ணை அழைத்தால், அது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. அவருடையதில் மட்டும் ரிங் போனது. அதை விட்டுவிட்டு எப்படி மாறுவார்?

ஜனங்கள் ஏன் ஒரே கம்பெனியில் நிலைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு சென்னையிலிருந்து ரேணுகாதேவி என்றொரு பெண் வந்தாள். "விலையா, சிக்னலா, கஸ்டமர் கேர்ல நல்லா பேசுறாங்களா, இல்ல பழகிப்போச்சா? எதுங்க ஐயா?"

"ரிங் போவுதும்மா."

"எடுக்குறாங்களா?"

"இல்ல."

அவள் கைபேசியை வாங்கிக் காதில் வைத்து, ரிங் நிற்கும் வரை கேட்டாள். பிறகு தன் டேப்லெட்டில் 'சிக்னல்' என்பதைத் தொட்டுவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

போன ஆடியில் கன்னியம்மாள் மாப்பிள்ளையின் தங்கையிடம் விலாசம் கேட்டு வாங்கித் திருப்பூருக்கு பஸ் ஏறினாள். மகள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டாள். வீட்டில் குழந்தை இல்லை.

"அந்த சிம்ம ஆஸ்பத்திரிலயே ஒடச்சிப் போட்டுட்டேம்மா" என்றாள். "வயித்துல இருந்தது தங்காதுன்னு டாக்டர் சொன்னதும் அப்பாவுக்குத்தான் அடிச்சேன். கொரல் கேட்டா போதும்னு இருந்துச்சி. முழு ரிங்கும் போச்சு. எடுக்கல."

கன்னியம்மாளுக்கு இது புதுச் செய்தி. திரும்பி வந்ததும் வாசலில் நின்றபடியே கேட்டாள். பச்சையப்பன் நிமிராமல் சொன்னார்: "அவ பேருதான் வந்துச்சி. பாத்துகினே இருந்தேன்."

அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. மறுநாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் கைபேசியிலிருந்து, திருப்பூரில் அவள் வாங்கி வந்திருந்த மகளின் புது எண்ணுக்கு அடித்தார். உடனே எடுத்து "சொல்லும்மா" என்றாள் சுபலட்சுமி. "நான்தாம்மா" என்றார். அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள். அதற்கப்புறம் கன்னியம்மாள் எத்தனை முறை அடித்தும் அந்த எண்ணுக்கு அழைப்பு போகவில்லை. திருப்பூருக்கு மறுபடியும் போனாள்; வீடு பூட்டிக்கிடந்தது. காலி செய்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எங்கே போனார்கள் என்று மாப்பிள்ளையின் தங்கைக்கும் தெரியவில்லை, அல்லது அவள் சொல்லவில்லை.

"இருந்த ஒரு வழியும் போச்சேய்யா" என்று ஒரு தடவை கத்தினாள் கன்னியம்மாள். அப்புறம் நெடுநாள் அவரோடு பேசவில்லை. தை பிறந்ததும் சந்திரமோகன் கடைக்குப் போய், மூடிப்போன கம்பெனியின் சிம் ஒன்று வேண்டும் என்றாள். அவர் மேஜை டிராயரின் அடியிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்து, காசு வாங்காமல் கொடுத்தார். வீட்டுக்குள் வந்து போட்டதும் நான்கு கோடும் ஏறின.

இப்போதெல்லாம் சாயங்காலத்தில் அவர் தறிப்பக்கமும் அவள் அடுப்படியிலுமாக உட்கார்ந்து மகளின் பழைய எண்ணுக்கு அடிக்கிறார்கள். இருவருக்கும் முழு ரிங் போகிறது. ஒரே நேரத்தில் அடித்தாலும் பிஸி என்று வருவதில்லை.