ஒன்பது நிமிடம் நிற்பவள்

அழைப்பிதழில் அவர் பெயர் இல்லை.

'ஆப்பிரிக்கக் காட்டு நடனம் - குழுவினர்' என்று அச்சிட்டிருந்தார்கள். குழு என்று யாரும் வரவில்லை. வந்தது ஒரே ஒரு பெண். ஐம்பத்திரண்டு வயது. பெயர் அசெத்தா மில்லோகோ.

அதே தாளில் உள்ளூர் நடனக் குழுக்களின் பெயர்கள் பட்டங்களோடு இருந்தன. மிருதங்கக்காரர் பெயர் இருந்தது. ஒப்பனைக்காரர் பெயர் இருந்தது. பொன்னாடை உபயம் செய்த ஜவுளிக் கடையின் பெயர்கூட இருந்தது.

"நாலு பக்கம் எழுதிக் குடுத்தேனே சார்" என்றேன்.

சுப்புராமன் விழாக் குழுவின் செயலாளர். மாமல்லபுரம் கடற்கரையில் தை மாதம் மூன்று நாள் நடக்கும் கலைவிழா அவர் பொறுப்பு.

"படிச்சேன் தெய்வநாயகிம்மா. நல்லா இருந்துது. ஆனா அந்தப் பேரு யார் வாயில நுழையும்? காட்டு நடனம்னா டக்குனு புரிஞ்சிடும்."

"அவங்க ஊர் காடு இல்ல சார். செங்கல்பட்டைவிடப் பெரிய ஊர். பஞ்சாலை இருக்கு. ரயில் நிக்குது."

"அது ஜனங்களுக்குத் தெரியுமா?"

"எழுதினா தெரியும்."

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

கல்பாக்கத்தில் என் வேலை, பிரெஞ்சில் வரும் அணு உலை அறிக்கைகளை ஆங்கிலமாக்குவது. இருபது வருடமாகச் செய்கிறேன். ஒரு வால்வின் பெயரைத் தவறாக எழுதினால் அன்று மாலையே ஆள் வந்துவிடும். புதுச்சேரிக்கு வந்திருந்த அசெத்தாவை விழாக் குழு கேட்டு வரவழைத்தது. அவருக்குப் பிரெஞ்சு தெரியும், ஆங்கிலம் தெரியாது. அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். அவரைப் பற்றிய நான்கு பக்கக் குறிப்பைத் தமிழாக்கித் தரச் சொன்னார்கள். பொறியாளர்கள் படிக்கப்போகிறார்கள் என்ற கவனத்துடன் செய்தேன்.

அந்த நான்கு பக்கத்தில் இருந்தது இது.

பிறந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்காவின் போபோ-தியுலாசோ. தந்தை பஞ்சு அரைக்கும் ஆலையில் வேலை. அசெத்தாவுக்குப் பதினொரு வயதில் இயந்திரம் தந்தையை இழுத்துக்கொண்டது. உடலைக் கேட்டுத் தாய் ஆலை அலுவலகத்தின் வாசலில் மூன்று நாள் நின்றாள். உட்காரச் சொல்ல ஆள் இல்லை. மூன்றாம் நாள் ஓர் எழுத்தர் வெளியே வந்து அவள் கையில் ஒரு சட்டையைக் கொடுத்தார். அவள் அதை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

பத்தொன்பது வயதில் அசெத்தா அரசாங்க நடனக் குழுவில் சேர்ந்தார். ஆறு வருடம் இலைப் பாவாடை கட்டி, வந்த விருந்தாளிகள் முன்னால் ஆடினார். ஒருநாள் பாவாடையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியேறினார். பாரிஸ் போனார். பகலில் தட்டச்சு, மாலையில் நடன வகுப்பு. அவர் பாதம் அகலம் என்றார்கள். அவர் நடனத்தில் முரசு இல்லை, ஆகவே அது ஆப்பிரிக்க நடனமே இல்லை என்று ஒருவர் எழுதினார். 1983இல் ஊர் திரும்பி, மாம்பழம் அடுக்கும் கிடங்கு ஒன்றில் பள்ளி தொடங்கினார். நான்கு பெண்கள் வந்தார்கள். மறுநாள் அண்ணன்கள் வந்து மூவரை இழுத்துப் போனார்கள். ஒருத்தியை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். இன்று அந்தப் பள்ளியில் பயின்றவர்கள் ஒன்பது நாடுகளில் நடனம் அமைக்கிறார்கள். அவரே அமைத்தவை பதினேழு. இங்கே ஆட வந்தது 'நிற்பவள்'. 1989இல் அமைத்தது.

அதில் ஆறு நிமிடம் ஆலை இயந்திரத்தின் ஓசைக்கு ஆடுவார். ஓசை நிற்கும். பிறகு ஒன்பது நிமிடம் அசையாமல் நிற்பார்.

இதைத்தான் சுப்புராமன் காட்டு நடனம் என்று சுருக்கியிருந்தார்.

ஒத்திகைக்குச் சுப்புராமன் ஒரு பையுடன் வந்தார். உள்ளே இலைப் பாவாடை. கிளி இறகு வைத்த கிரீடம். சென்னையில் சினிமா உடை வாடகைக்குக் கொடுக்கும் கடையிலிருந்து எடுத்து வந்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான். அதுதான் தாங்கவில்லை.

அசெத்தா பாவாடையைத் தூக்கிப் பார்த்தார். பிளாஸ்டிக் இலை.

"எங்களுடையது இதைவிட நன்றாக இருந்தது" என்று என்னிடம் சொல்லிவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சுப்புராமனிடம் கேட்கச் சொன்னார். ஒன்பது நிமிடமும் முழுதாக வேண்டும். நடுவில் யாரும் மேடைக்கு வரக்கூடாது. சம்மதமா?

கேட்டேன். சுப்புராமன் கைப்பேசியில் இருந்தார். சிறப்பு விருந்தினர் தர்மராஜ் வரும் நேரம் பற்றிய பேச்சு. தர்மராஜுக்குக் கடற்கரையோரம் இரண்டு ரிசார்ட். சுப்புராமன் என்னைப் பார்த்து, ஈ ஓட்டுவது போல் கையை அசைத்தார்.

"என்ன சொன்னார்?" என்றார் அசெத்தா.

ஐந்தரை மணி ஸ்டாஃப் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"ஒப்புக்கொண்டார்" என்றேன்.

இருபது வருடத்தில் நான் தெரிந்தே செய்த தவறான மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான்.

மறுநாள் மாலை ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவே சீனு உட்கார்ந்திருந்தான். திருவிடந்தைக்காரன். ஒலி, விளக்கு இரண்டும் அவன் கையில்.

"அக்கா, மிசின் சத்தம் நின்னுச்சுன்னா அடுத்து இன்னா போடணும்?"

"ஒண்ணும் போடாத. ஒன்பது நிமிஷம் சத்தமே கூடாது."

"ஒம்போது நிமிசமா? அந்தம்மா இன்னா பண்ணிகினு இருக்கும்?"

"நிக்கும்."

"நிக்கறதுக்கா ப்ளேன் ஏத்தி இட்டாந்தாங்க? என் மாமியாரு ரேசன் கடைல மூணு மணி நேரம் நிக்குது. அத்த ஒருத்தனும் கூப்ட மாட்டேன்றான்."

அசெத்தா பக்கத்தில் இருந்தார். என்ன என்று கேட்டார். சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "அவரிடம் சொல்லுங்கள். அந்த மாமியார்தான் இந்த நடனம்" என்றார்.

சீனு சிரிப்பை நிறுத்தினான். "யாருக்கோசரம் நிக்குது?"

தாயைப் பற்றிச் சொன்னேன். ஆலை, மூன்று நாள், சட்டை.

அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் முன்னால் வைத்தான்.

ஆறே முக்காலுக்குத் தொடங்கியது. வெளிறிய நீலப் பருத்தி உடை. வெறும் கால். இயந்திர ஓசைக்கு அவர் தோள்கள் இழுபட்டன, விடுபட்டன. முன் வரிசை வெளிநாட்டுப் பயணிகள் படம் எடுத்தார்கள். ஓசை நின்றது. மேடையின் நடுவே வந்து நின்றார்.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அலை கேட்டது.

இரண்டாம் நிமிடம் விசில். "கேசட்டு மாட்டிக்கிச்சு டோய்." சிரிப்பு. "கரண்ட்டு கீதே!" மறுபடி சிரிப்பு.

நான்காம் நிமிடம் தர்மராஜின் கார் மணலோரம் வந்து நின்றது.

சுப்புராமன் ஓடினார். மாலை, தட்டு, பொன்னாடை, நினைவுப் பரிசாகக் கருங்கல் யானை எல்லாம் தயாராக இருந்தன. மேடைப் படியில் நான் குறுக்கே நின்றேன்.

"இன்னும் முடியல சார்."

"சும்மாதானேம்மா நிக்கறாங்க? அதுக்குள்ள இத முடிச்சிடலாம். அவருக்கு எட்டு மணிக்குக் கல்யாண ரிசப்ஷன்."

"அவங்க உங்ககிட்ட கேட்டாங்க சார்."

"என்ன கேட்டாங்க?"

அவருக்கு உண்மையிலேயே தெரியாது. நான் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் பஸ்ஸைப் பிடித்திருந்தேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறினார். தர்மராஜ் பின்னால் ஏறினார். அவருக்குப் பின்னால் இரண்டு புகைப்படக்காரர்கள்.

"ஆப்பிரிக்கக் காட்டு நடனம் இனிதே நிறைவுற்றது" என்றார் சுப்புராமன் மைக்கில். தர்மராஜுக்கு மாலை போட்டார். தர்மராஜ் பொன்னாடையை விரித்து அசெத்தாவின் தோளில் போட்டார்.

அசெத்தா அசையவில்லை.

"மேடம், இங்க பாருங்க மேடம்." ஃப்ளாஷ் வெடித்தது. கண் திரும்பவில்லை.

தர்மராஜ் கல் யானையை நீட்டினார். அசெத்தாவின் கைகள் தொங்கியபடியே இருந்தன. நீட்டிய யானையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் தர்மராஜ் நின்றார். கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். பிறகு அவனும் நிறுத்திவிட்டான். ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் கேட்காத எதையோ நீட்டிக்கொண்டு எதிரே ஒரு ஆள். கூட்டத்துக்கு அது தெரிந்துவிட்டது. நிகழ்ச்சி முடியவில்லை என்று புரிந்துகொள்ளாதவர்கள் மேடைமேல் இருந்த நால்வர்தான்.

சுப்புராமன் மைக்கில் ஏதோ சொன்னார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. மைக்கைத் தட்டினார். சீனுவைப் பார்த்துக் கை ஆட்டினார்.

சீனு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், மைக்கப் போடுறா!"

"ஒர்க் ஆவல சார்" என்றான் தலை தூக்காமல். விளக்கை மெல்லக் குறுக்கி அசெத்தாமேல் மட்டும் வைத்தான். மற்ற நால்வரும் இருட்டுக்குள் போனார்கள்.

யானையைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

ஒன்பதாம் நிமிடம் அசெத்தாவின் கைகள் எழுந்தன. இல்லாத சட்டையை மடிப்பதுதான் நடனத்தின் முடிவு. அன்று தோளில் பொன்னாடை இருந்தது. அதை எடுத்தார். பொன்னாடைக்குக் கை ஏது? இருப்பது போல் இரண்டு கைகளையும் உள்ளே மடித்தார். காலரை நீவினார். மார்போடு பிடித்துக்கொண்டு, தர்மராஜைக் கடந்து, படியிறங்கி நடந்தார்.

கைதட்டல் தாமதமாக, ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்தது.

படியருகே என்னிடம் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"அவர் ஒப்புக்கொண்டாரா?"

"இல்லை. நான் பொய் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். மன்னிக்கும் பார்வை அல்ல. "அழைப்பிதழில் என் பெயர் இருக்கிறதா?" என்றார்.

"இல்லை."

அவர் பொன்னாடையை என் கையில் வைத்துவிட்டு உடை மாற்றும் பந்தலுக்குப் போனார்.

நான்கு பக்கமும் என் பையில் இருந்தன. சீனுவிடம் போனேன்.

"மைக் வேலை செய்யுதா?"

"உனக்கு ஒர்க் ஆவுங்க்கா."

மேடை ஏறினேன். அடுத்து ஆட வேண்டிய பெண்கள் சலங்கையுடன் ஓரத்தில் காத்திருந்தார்கள். சுப்புராமன் கீழிருந்து, "யாரும்மா உங்களப் படிக்கச் சொன்னது? எறங்குங்க!" என்றார். தர்மராஜின் கார் கிளம்பிக்கொண்டிருந்தது. பாதி நாற்காலிகள் காலி. மீதிப் பேர் பஜ்ஜிக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அசெத்தா மில்லோகோ" என்றேன். வாயில் நுழைந்தது. அதனால் இன்னொரு தடவை சொன்னேன்.

பிறந்த ஊரிலிருந்து தொடங்கினேன். சலங்கைக்காரப் பெண்களில் மூத்தவள் படியில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். சுப்புராமன் படியேறி வந்து என் முழங்கையைத் தொட்டார். நான் நகரவில்லை.

மூன்றாம் பக்கத்தில், பள்ளி தொடங்கிய ஆண்டை 1982 என்று வாசித்துவிட்டேன். நிறுத்தினேன். திருத்தினேன். அந்தப் பக்கத்தை மேலிருந்து மறுபடி படித்தேன்.