'எடம் புடி மச்சி'யின் தங்கை

ஈரத்துண்டு இசைக்குழுவின் இரண்டாவது பாட்டைப் பெண் பார்க்க எஃப்.எம்.காரர்கள் வந்திருந்தார்கள். பஜ்ஜி, கேசரி எல்லாம் முறைப்படி நடந்தது.

குழுவின் முதல் பாட்டுதான் மூத்தவள், 'எடம் புடி மச்சி'. டீக்கடை, கல்யாண மண்டபம், மினி பஸ் என்று அவள் கால் படாத இடமில்லை. இப்போது உள்ளறையில் ஏசி போட்டுத் தூங்குகிறாள். அவளைக் குழுவினர் ஒரு மத்தியானம் பொழுது போகாமல் மெட்டுப் போட்டு உருவாக்கினார்கள். இளையவள் 'அப்பா ஹெல்மெட்' அப்படியல்ல. அப்பா விபத்தில் போன பிறகு பாடகி மஞ்சரி அழுதழுது எழுதியது. இவள் ஒருத்தி முழுசாக வெளியே போய்விட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தாள் மஞ்சரி.

இளையவள் பட்டுச் சேலையில் வந்து நின்று, தன்னைத்தானே பாடினாள்.

வந்தவர்களில் பெரியவர் பஜ்ஜியை மென்று முடித்தார்.

"மூத்தவளக் குடுத்துருங்களேன்."

"அவளத்தான் எல்லாருக்கும் குடுத்தாச்சேங்க," என்றார் மஞ்சரியின் அம்மா.

"இன்னொரு தடவ குடுங்க. இது நடுவுல அழுவுதே."

"அந்த அழுகதாங்க பாட்டே," என்றாள் மஞ்சரி.

யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்கள். வாசலில் பெரியவர் நின்றார்.

"நடுவுல ஒரு ஹம்மிங் வருதுல்ல, அத மட்டும் குடுங்க. ஒரு ஜவுளிக்கடை லிஃப்டுக்குக் கேட்டாங்க. மூணாவது மாடி வரைக்கும் தாங்கும்."

டிரம்மர் ரூபன் மஞ்சரியின் காதில் கிசுகிசுத்தான். "சரின்னு சொல்லிடு. இதுவும் தட்டிப்போச்சுன்னா அப்புறம் நம்மள யாரு கேப்பா?"

மஞ்சரி இளையவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சரி என்றாள்.

அம்மா சமையலறையிலிருந்து கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார். ரூபன் இளையவளின் தோளைப் பிடித்துக்கொண்டான். ஹம்மிங் சுலபமாக வந்துவிட்டது. அதை டிபன் டப்பாவில் போட்டு, வெற்றிலை பாக்கோடு கொடுத்து அனுப்பினார்கள். அம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர்.

"எங்கியாவது போயி நல்லா இருக்கட்டும்."

மிச்சப் பாட்டு கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தது. நடுவில் இருந்த ஓட்டை வழியாக ஃபேன் காற்று போய் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, முதல் வரியிலிருந்து சன்னமாகப் பாட ஆரம்பித்தது. முதல் வரியில் அப்பா வண்டியைக் கிளப்பினார்.

"சத்தம் போடாத," என்றாள் மஞ்சரி. "அக்கா தூங்குறா."