இரண்டு விரல் கீழே

என் வீட்டுக்காரர் கள் குடித்துவிட்டு ரப்பர் மரத்தைக் கெடுக்கிறார் என்று, எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ராமசாமி தோட்ட ஆபீஸ் கிராணியிடம் போட்டுக்கொடுத்தபோது, எனக்கு வந்த கோபத்துக்கு அவரைப் பால் வாளியாலேயே அடித்திருப்பேன். நாற்பது மரத்தில் வெட்டு இடம் மாறியிருந்தது நிஜம். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். ஆனால் என் பயம் அதுவல்ல.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு வருஷமாக ரத்தப் புற்று. மெதுவாக நகரும் வகை, மாத்திரைக்கு அடங்கும் என்று சிரம்பான் டாக்டர் சொல்லியிருந்தார். அடங்கியும் இருந்தது. ஒரு வாரமாகத்தான் ஓயாத தலைவலி. எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தது.

"ரெண்டு மயிலு நிக்கிறா. ஒருத்தியவே சமாளிக்க முடியல," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் அது. தோட்டத்து முள்வேலியைத் தாண்டிச் சிரம்பானுக்குப் போக, கிராணி குலசேகரம் கையெழுத்துப் போட்ட பாஸ் வேண்டும். குடிகாரனுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று அவர் மறுத்துவிட்டார். நான் விடவில்லை. கெஞ்சிக் கூத்தாடி அவரை மரத்தடிக்கே கூட்டிப் போனேன். நானும் பால் வெட்டுகிறவள்தானே.

"குடிச்சவன் வெட்டு மேலயும் கீழயும் அலையும்லா ஐயா. இத அளந்து பாருங்க."

கிராணி விரலை வைத்துப் பார்த்தார். பழைய வெட்டுக்கு இரண்டு விரல் கீழே புதுக்கோடு. அடுத்த மரத்திலும் அதே இரண்டு விரல். ஒரு கோடுகூடக் கோணவில்லை. பத்தாவது மரத்தில் அளப்பதை நிறுத்திவிட்டார்.

"உன்ரை மனுசன் வெறியிலை வெட்டேல்லை. கண்தான் ஒரு கோட்டை ரண்டாக் காட்டி அவனை ஏமாத்தியிருக்கு," என்றார். மரத்தின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

சிரம்பானில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்து நோய் மூளையைச் சுற்றிய நீரிலும் கலந்திருந்தது. இந்த வகையில் அப்படி ஆவது அபூர்வம், நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டர். தலைக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். முடியெல்லாம் கொட்டியது.

மூன்றாம் வாரம் நான் போனபோது, எல்லாம் இரண்டாகத் தெரியாமலிருக்க ஒரு கண்ணை மறைத்துக் கட்டியிருந்த துணியை அவிழ்த்திருந்தார்கள். நோய் போய்விடவில்லை, மாத்திரையை விடக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்னார். பிறகு, எதிரே என்ன தெரிகிறது என்று அவரைக் கேட்டார். அவர் இரண்டு கண்ணாலும் என்னையே பார்த்தார்.

"ஒருத்திதான் நிக்கிறா டாக்டர். இவ ஒருத்தி போதும்."

வார்டே பார்க்க நான் அழுதேன்.